மூன்று வாடகை வீடுகளைச் சேர்த்து வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

தரகர் சொல்லும் வாடகையைப் பன்னிரண்டால் பெருக்கி நிறுத்திவிடாதீர்கள். மூன்று வீடுகள், மொத்த விலை 1.10 கோடி, மாத வாடகை 36,000 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 4,32,000. ஆள் மாறும்போது ஒரு மாதம் காலி: 36,000 போச்சு. சொத்து வரி, பராமரிப்பு, மோட்டார் ரிப்பேர், பெயின்ட் என்று 66,000. மிச்சம் 3,30,000, அதாவது 3 சதவீதம். தமிழ்நாட்டில் 7 சதவீத முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் விலையோடு சேர்த்தால் அதுவும் இறங்கும். கடன் வாங்கினால் தவணைக்குக் கைக்காசு போட வேண்டிவரும்.

இதே கணக்கை வீடு வீடாகவும் போடுங்கள். மொத்தத்தில் ஒரு நஷ்ட வீடு நன்றாக ஒளிந்துகொள்ளும். குளியலறையை ஒட்டிய சுவரின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். புதுப் பெயின்ட் உப்பி, பொடிப்பொடியாக உதிர்ந்தால் உள்ளே ஓதம். குழாய்க் கசிவை அடைக்காமல் எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் திரும்ப வரும்.

முப்பது வருட வில்லங்கம் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். பலர் மறப்பது அட்வான்ஸை. குடியிருப்போர் கொடுத்த பணம் விற்பவர் கையில் இருக்கும். காலி செய்யும்போது உங்களிடம்தான் கேட்பார்கள். வாடகை ஒப்பந்தங்களை வாங்கிப் பார்த்து, அந்தத் தொகையை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.