வலையில் சிக்கிய குருவியை எடுத்து வளையம் இடுவது எப்படி?

பறவைகளை ஆய்வுக்காகப் பிடித்து, காலில் எண் பொறித்த சிறு உலோக வளையம் இட்டுப் பறக்கவிடும் நிலையம் ஒன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடற்கரையில் இருக்கிறது. அங்கே இரண்டு இலையுதிர் காலங்கள் தன்னார்வலனாக இருந்திருக்கிறேன். அமெரிக்காவில் அரசு உரிமம் பெற்றவரின் மேற்பார்வையில்தான் வளையமிடப் பழகலாம்; தனியாக முயல வேண்டாம்.

வலை. 12 மீட்டர் நீளம், நான்கு அடுக்கு. சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பே விரித்துவிடுங்கள். அரை மணிக்கு ஒரு முறை சுற்றி வர வேண்டும். மழை வந்தால் யோசிக்காமல் மூடிவிடுங்கள்.

எடுத்தல். என்னைப் படுத்தியெடுத்தது இதுதான். முதல் வாரம் சிக்கடீ என்ற சிறு குருவி ஒன்றோடு பத்து நிமிடம் மல்லுக்கட்டினேன். அது வலை நூலைக் கால்களால் இறுகப் பற்றிக்கொண்டு என் விரலையும் கொத்தியது. பயிற்சியாளர் வந்து, தொடாமலே வலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எந்தப் பக்கமிருந்து நுழைந்தது?" என்று கேட்டார். நான் பார்க்கவே இல்லை. மறுபக்கமிருந்து நூலைப் பிய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

குருவி மோதியதும் வலை தளர்ந்து பை போலத் தொங்கும். அந்தப் பையின் வாய் எங்கே என்று முதலில் கண்டுபிடியுங்கள். வாய் வழியாகக் கையை விட்டு உடலைப் பிடியுங்கள். வயிற்றில் மெல்ல ஊதினால் இறகு விலகி, தொடைகளுக்கு இடையே நூல் ஓடுகிறதா என்று தெரியும். முதலில் கால்கள், பிறகு இறக்கைகள், கடைசியில் தலை. காலை உடலுக்கு அருகில், தொடையோடு சேர்த்துப் பிடியுங்கள். நுனியில் பிடித்தால் எலும்பு முறியும்.

நூலை விலக்க மெல்லிய குரோஷே ஊசி ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருங்கள். கையுறை வேண்டவே வேண்டாம். நூல் விரலுக்குத் தெரியாது. நூலை வெட்ட வேண்டிவந்தால் கத்தரிக்கோலும் இருக்கட்டும். வலை போனால் தைத்துக்கொள்ளலாம்.

வளையம். குருவியின் முதுகு உங்கள் இடது உள்ளங்கையில், கழுத்து ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில். அளவுகோலால் காலை அளந்து, பொருந்தும் வளையத்தை எடுங்கள். இடுக்கியால் ஒரு முறை அழுத்தி, வளையத்தை நான்கில் ஒரு பங்கு சுற்று திருப்பி மறுபடி அழுத்துங்கள். அது காலில் தாராளமாகச் சுழல வேண்டும்.

அளத்தல். இறக்கை நீளம், வயது, எடை. தொண்டைக்குக் கீழ் உள்ள குழியில் உறிஞ்சுகுழலால் ஊதினால் மஞ்சள் நிறக் கொழுப்பு தெரியும். அக்டோபரில் பிளாக்போல் வார்ப்லர் கிடைத்தால் எனக்கு வேலையே ஓடாது. சாதாரணமாக 12 கிராம் எடையுள்ள குருவி, கொழுப்பை ஏற்றிக்கொண்டு 20 கிராம் வரை கனக்கும். எங்கள் கடற்கரைப் பகுதியிலிருந்து அட்லாண்டிக் கடலின் மேல் இரண்டு மூன்று நாள் இறங்காமல் பறந்து கரீபியன் தீவுகளை அடைகிறது. 2015இல் வெளியான ஆய்வு, குருவிகளின் முதுகில் கட்டிய சிறு கருவிகளைக் கொண்டு இதை உறுதிசெய்தது. எடை எழுதியதும் கையைத் திறந்துவிடுங்கள். வைத்து ரசிக்கும் நேரம் அதற்கில்லை.

பின்சேர்க்கை: வளையத்தின் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அழுத்திச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், கால் நசுங்கும். உடனே மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள். வளையத்தை விரிக்க அவரிடம் தனி இடுக்கி இருக்கும். இன்னொருவர் இடக்கைக்காரர். நான் சொன்ன பிடியை அப்படியே வலக்கைக்கு மாற்றிக்கொண்டால் போதும்.