மார்கழிக் குட்டையில் கெண்டை ஏன் கடிப்பதில்லை?

மார்கழி, தை மாதங்களில் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தூண்டிலோடு போய் வெறுங்கையாகத் திரும்புகிறவர்கள், "குட்டையில மீனே இல்லைங்க" என்பார்கள். ஐப்பசி மழையில் நிரம்பிய குட்டையை விட்டு மீன் எங்கே போகும்? சித்திரையில் பலித்த பழக்கத்தைத் தையிலும் தூக்கிக்கொண்டு போவதுதான் கோளாறு.

பெரிய தவறு, கோழி கூவும்போதே கிளம்புவது. நானும் பல வருடம் மப்ளரைக் காதில் சுற்றிக்கொண்டு ஐந்தரை மணிக்கே கரையில் நடுங்கியவன்தான். மீனுக்குச் சொந்தச் சூடு கிடையாது, தண்ணீரின் சூடுதான் அதன் சூடு. ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். ஆழமில்லாத குட்டை ஒரே ராத்திரியில் சில்லிட்டுப்போகும். அதோடு, பாசியும் செடிகளும் இரவு முழுக்க ஆக்சிஜனை இழுத்துக்கொள்வதால் விடியற்காலையில்தான் அது தண்ணீரில் மிகக் குறைவு. அப்போது கெண்டை மந்தமாகக் கிடக்கும். வெயில் ஏறிப் பத்து மணிக்கு மேல் போங்கள், மாலை நான்கு வரை உட்காருங்கள். வீட்டில் திட்டும் குறையும்.

அடுத்தது, வாடை முகத்தில் அடிக்கிற கரையில் உட்காருவது. வாடை வடகிழக்கிலிருந்து வரும். சூரியனோ இந்த மாதங்களில் தெற்கே சாய்ந்து போகும். ஆகவே வடக்குக் கரை நல்லது. காற்றுக்கு மறைவு, வெயிலும் நன்றாக விழும். கல் பதித்த கரையாக இருந்தால் கல்லை ஒட்டிய தண்ணீர் மதியத்துக்குள் கொஞ்சம் வெதுவெதுப்பாகும். காலையிலேயே போயாக வேண்டுமென்றால் மதகுப் பக்கத்து ஆழத்தில் போடுங்கள், மதியம் கரையோரத்துக்கு மாறுங்கள். நாள் முழுக்க ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டாம்.

இரையில்தான் கைவீச்சு அதிகம். நம் ஊரில் ராகிக்குப் பஞ்சமில்லை. அதனால் களியை உருண்டை உருண்டையாக எறிகிறோம். கெண்டைக்கு இரைப்பை கிடையாது, குடல் மட்டும்தான். குளிரில் செரிமானம் மெதுவாகிவிடும். நான்கு வாய் தின்றதும் அதற்குப் போதும். மீதியெல்லாம் அடியில் புளித்துத் தண்ணீரைக் கெடுக்கும். சுண்டைக்காய் அளவு நான்கைந்து உருண்டை போட்டு, அரைமணி நேரம் பொறுத்துப் பாருங்கள். தூண்டில் முள்ளிலும் அதே அளவு போதும். மண்புழு கிடைத்தால் இந்தக் காலத்தில் களியைவிட அதையே நம்புவேன்.

எந்தக் கெண்டைக்குப் போடுகிறோம் என்று பார்ப்பதும் முக்கியம். கட்லாவின் வாய் மேல்நோக்கியது. அடியில் கிடக்கிற உருண்டையை அது தேடி வராது. ரோகுவும் மிர்காலும் குளிரில் சுருங்கிப்போகும். குளிரைத் தாங்குவது மீசை வைத்த சாதாக் கெண்டை. 1939இல் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்ட மீன் அது, குளிர் அதற்குப் புதிதல்ல. அதுவும் மிர்காலும் அடித்தரையில் மேய்பவை, ஆகவே இரை தரையைத் தொட வேண்டும்.

பழைய செருப்பை வெட்டிய தக்கை கோடைக்குச் சரி. குளிரில் மீன் இழுத்துக்கொண்டு ஓடாது, உதட்டால் தொட்டுப் பார்க்கும். மயிலிறகுத் தண்டோ சோளத்தட்டை நெட்டியோ கட்டினால்தான் அது தெரியும். சின்ன முள், மெல்லிய நரம்பு. தக்கை பக்கவாட்டில் நகர்ந்தாலே மெதுவாகத் தூக்குங்கள். வெடுக்கென்று இழுத்தால் மெல்லிய உதடு கிழிந்துவிடும்.

ஏரி, குளங்களில் மீன் பிடிக்கும் உரிமை பெரும்பாலும் குத்தகைக்குப் போயிருக்கும். கேட்காமல் உட்கார வேண்டாம். மழைக்குப் பிறகு விட்ட குஞ்சுகள் இன்னும் சாண் அளவுகூட இருக்காது, ஈரக் கையால் கழற்றி விட்டுவிடுங்கள். உடம்பில் சிவந்த புண்ணோடு மீன் வந்தால் குத்தகைக்காரரிடம் காட்டுங்கள். குளிர் மாதங்களில் இந்த நோய் பரவும். அந்த மீனை வேறு குட்டையில் விடவும் வேண்டாம், அது கிடந்த வாளித் தண்ணீரை ஏரியில் கொட்டவும் வேண்டாம்.