மான்ட்காமரி கவுண்டியில் கார் இல்லாமல் ஒரு நாள்: முதல் பஸ் பயணத்துக்கு வழி

வாஷிங்டனை ஒட்டி, மேரிலாந்தில் இருக்கிறது மான்ட்காமரி கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி). புதிதாக வந்து, கையில் காரும் லைசென்ஸும் இல்லாதவர்களுக்குத் துணை 'ரைடு ஆன்' பஸ்தான். 1975 முதல் கவுண்டி நிர்வாகமே நடத்துகிறது. 2025 ஜூன் 29 முதல் டிக்கெட்டும் கிடையாது; ஏறி உட்கார வேண்டியதுதான்.

1. திரும்பி வரும் பஸ்ஸை முதலில் பாருங்கள்

போகும்போது யாரும் மாட்டிக்கொள்வதில்லை, திரும்பும்போதுதான். சில்வர் ஸ்பிரிங், ராக்வில் பக்கம் கவலையில்லை. வடக்கிலும் மேற்கிலும் போகப் போக வயலும் பண்ணையும்தான். 1980-ல் கவுண்டி சுமார் 93,000 ஏக்கரை விவசாயத்துக்கென்று ஒதுக்கிவிட்டது. அங்கே வீடுகள் குறைவு, அதனால் பஸ்ஸும் குறைவு. ஷேடி க்ரோவ் மெட்ரோ நிலையத்திலிருந்து பூல்ஸ்வில் பக்கம் போகும் 76-ல் ஏறுவதற்கு முன், திரும்பி வரும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

2. அட்டவணை

வார நாள், சனி, ஞாயிறு மூன்றுக்கும் நேரம் வேறு. அட்டவணையில் எல்லா ஸ்டாப்பும் இருக்காது, முக்கியமான சில இடங்கள் மட்டும் இருக்கும். உங்கள் ஸ்டாப் அப்படி இரண்டு இடங்களுக்கு நடுவில் இருந்தால், பஸ் முதலில் தொடும் இடத்தின் நேரத்தையே உங்கள் நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். சில நிமிடம் காத்திருக்க நேரும். பஸ்ஸைத் தவறவிட மாட்டீர்கள்.

3. ரோட்டின் எந்தப் பக்கம்?

இதில்தான் நான் கோட்டைவிட்டேன். இங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடும், பஸ்ஸின் கதவும் வலப்பக்கம். நான் நம்மூர் ஞாபகத்தில் இடப்பக்கம் போய் நின்றேன். என் பஸ் எதிர்ப்பக்கம் வந்து, யாரும் இல்லை என்று நிற்காமலே போய்விட்டது. அடுத்ததற்கு அரை மணி நேரம், அதுவும் ஜனவரிக் குளிரில். எனவே, போகும் திசையைப் பார்த்து நின்றால் ரோட்டின் வலது ஓரம் எதுவோ அதுவே உங்கள் பக்கம்.

4. ஏறுவது

ஐந்து நிமிடம் முன்னதாகவே போய் நில்லுங்கள். பஸ் வருவது தெரிந்ததும் கையைக் காட்டுங்கள். இருட்டிவிட்டால் செல்போன் விளக்கைக் காட்டலாம். சில ஸ்டாப்களில் மெட்ரோபஸ்ஸும் நிற்கும். அது வேறு நிர்வாகம், 2.25 டாலர் கட்டணம். அதனால் பஸ்ஸின் நெற்றியில் உள்ள நம்பரையும் ஊரையும் படித்துவிட்டு ஏறுங்கள். ஏறுவது முன்கதவில்.

5. இறங்குவது

கண்டக்டர் கிடையாது, ஊர் பெயர் சொல்லி யாரும் விசில் அடிக்க மாட்டார்கள். உங்கள் ஸ்டாப்புக்கு முந்தையதைத் தாண்டியதும் ஜன்னல் ஓரமாக ஓடும் கயிற்றை இழுங்கள். இறங்கியபின் பஸ்ஸுக்கு முன்னால் புகுந்து ரோட்டைக் கடக்க வேண்டாம், அது கிளம்பிப் போகட்டும். அப்புறம் எதிர்ப்பக்கம் போய், திரும்பி வரும் ஸ்டாப் எங்கே என்று அப்போதே பார்த்துவிடுங்கள். நேர் எதிரே இருக்கும் என்று நம்ப முடியாது.