சேற்றில் ஓடும் ரேஸைப் பார்ப்பது எப்படி: மழை நாளில் சர்ச்சில் டவுன்ஸ் போகிறவர்களுக்கு

கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரத்தில் இருக்கும் சர்ச்சில் டவுன்ஸ் குதிரைப் பந்தய மைதானத்துக்கு டிக்கெட் எடுத்து வைத்துவிட்டு, முந்தின ராத்திரி வானிலையைப் பார்த்தால் நாள் முழுக்க மழை என்று போட்டிருக்கிறதா? டிக்கெட்டை யார் தலையிலும் கட்டாதீர்கள், கிளம்பிப் போங்கள். மே மாதம் முதல் சனிக்கிழமை அங்கே நடக்கிற கென்டக்கி டெர்பியே 2009, 2010, 2013, 2018, 2019, 2025 என்று எத்தனையோ தடவை தண்ணீர் நிற்கும் தடத்தில்தான் ஓடியிருக்கிறது. மழைக்காக ரேஸை நிறுத்த மாட்டார்கள், பக்கத்தில் மின்னல் வெட்டினால்தான் கொஞ்ச நேரம் தள்ளிவைப்பார்கள். ஆனால் காய்ந்த நாளில் பார்க்கிற மாதிரியே சேற்று நாளையும் பார்த்தால் பாதி விஷயம் கண்ணில் படாமலே போய்விடும். எனக்கு மழை நாள் ரேஸ்தான் பிடிக்கும், ஏன் என்று படித்துக்கொண்டே வந்தால் தெரியும்.

முதலில் தரை. கிண்டியிலோ பெங்களூரிலோ ரேஸ் பார்த்துப் பழகியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: நம் ஊரில் குதிரை ஓடுவது புல் மேல். அமெரிக்காவில் பெரும்பாலான ரேஸ் மண்ணில் நடக்கிறது. சர்ச்சில் டவுன்ஸிலும் ஒரு மைல் சுற்றளவுள்ள மண் தடம்தான் பிரதானம், புல் தடம் அதற்கு உள்பக்கம் சின்னதாக இருக்கிறது. அந்த மண் என்பது மணலும் வண்டலும் களிமண்ணும் ஒரு கணக்கில் கலந்தது. வெயில் நாளில் பல் வைத்த கலப்பை மாதிரி ஒன்றை டிராக்டரில் கட்டி இழுத்து, தண்ணீர் தெளித்து, மேல்மண்ணைப் பொலபொலவென்று வைத்திருப்பார்கள். மழை வரப்போகிறது என்று தெரிந்தால் வேலை தலைகீழாக மாறிவிடும், கனமான தட்டைப் பலகைகளை இழுத்துத் தரையை அழுத்தி மூடிவிடுவார்கள். இதற்கு சீல் பண்ணுவது என்று பெயர். மூடிய தரையில் மழைநீர் கீழே இறங்காமல் மேலேயே வழிந்து, தடத்தின் சரிவு உள்வேலிப் பக்கம் இருப்பதால் அங்கே போய்ச் சேரும். நீங்கள் போய் இறங்கியதும் வேலியோரம் நின்று பாருங்கள், தரை எண்ணெய் தடவியதுபோல் மினுமினுத்தால் சீல் பண்ணிவிட்டார்கள் என்று அர்த்தம்.

அப்புறம், போர்டில் தரையின் நிலையைப் போடுவார்கள். காய்ந்திருந்தால் ஃபாஸ்ட். மழை பெய்துகொண்டிருக்கும்போது பெரும்பாலும் ஸ்லாப்பி என்று இருக்கும், அதாவது மேலே தண்ணீர் நிற்கிறது, ஆனால் அடியில் தரை இன்னும் கெட்டியாக இருக்கிறது. பார்க்கத்தான் பயங்கரமாக இருக்குமே தவிர ஓட்டம் வேகமாகவே போகும். மட்டி என்று போட்டால் கதை வேறு. நின்ற தண்ணீர் வடிந்துவிட்டது, ஆனால் ஈரம் அடிவரை இறங்கிவிட்டது, குளம்பு உள்ளே போய் மாட்டிக்கொண்டு வருகிறது. மழை விட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத் தரை பசையாக இழுக்கும் நேரம்தான் குதிரைக்கு உண்மையில் கஷ்டமான நேரம், கடைசி நூறு மீட்டரில் கால் தூக்க முடியாமல் திணறுவது நன்றாகவே தெரியும். ஆகவே காலையில் பார்த்ததை வைத்துச் சாயங்கால ரேஸை எடை போடக் கூடாது. ஒவ்வொரு ரேஸுக்கு முன்னாலும் போர்டைப் பாருங்கள், டிராக்டர் எதை இழுத்துக்கொண்டு போகிறது என்றும் பாருங்கள்.

இப்போது எல்லோரும் சொல்கிற ஒரு விதிக்கு வருவோம். சேற்றில் முன்னால் ஓடுகிற குதிரைதான் ஜெயிக்கும், பின்னால் வருவதற்கு மூஞ்சியில் சேறு அடிக்கும், அதனால் முன்னோடிக் குதிரையைப் பிடி என்பார்கள். காரணம் நியாயமான காரணம்தான். 2018-ல் டெர்பி வரலாற்றிலேயே அதிக மழை கொட்டிய நாளில் ஜஸ்டிஃபை ஜெயித்தது அப்படித்தான், ஜாக்கி மைக் ஸ்மித் ஆரம்பத்திலிருந்தே அதை இரண்டாவது இடத்தில் வைத்து, சேறு படாத பக்கம் கொண்டுபோனார். ஆனால் 2009-ஐப் பாருங்கள். மைன் தட் பேர்ட், 9,500 டாலருக்கு ஏலம் போன குதிரை, நியூ மெக்சிகோவிலிருந்து வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தது, ஐம்பதுக்கு ஒன்று விலை, அதாவது ஒன்று கட்டி ஜெயித்தால் ஐம்பது லாபம். பத்தொன்பது குதிரையில் கடைசியாக ஓடிக்கொண்டிருந்தது, ஜெயிக்கும்போது ஆறே முக்கால் குதிரை நீளம் முன்னால். இரண்டு டாலர் கட்டியவர்களுக்கு 103.20 டாலர் கிடைத்தது. 2013-ல் ஆர்ப், 2025-ல் சாவரன்ட்டி, இரண்டும் அதே மாதிரி பின்னாலிருந்து சேறு தின்றுகொண்டே வந்தவைதான். சேறு யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. முன்னால் மூன்று நான்கு குதிரைகள் ஒன்றோடொன்று மோதி ஆரம்பத்திலேயே வேகத்தை ஏற்றிவிட்டால், எப்படிப்பட்ட தரையானாலும் அவை கடைசியில் சோர்ந்துவிடும். 2013-ல் நடந்தது அதுதான். எனவே ரேஸ் புக்கை, அதாவது அன்றைக்கு ஓடும் குதிரைகளின் விவரப் புத்தகத்தை, பிரித்ததும் முதலில் எண்ண வேண்டியது, முன்னால் ஓட ஆசைப்படுகிற குதிரைகள் எத்தனை என்பதை. ஒன்றே ஒன்று என்றால் அந்தப் பழைய விதியை நம்பலாம். நாலைந்து இருந்தால் நம்பாதீர்கள்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது தடத்தின் எந்தப் பட்டை நன்றாக இருக்கிறது என்பது, இதைப் புத்தகம் சொல்லாது, கண்தான் சொல்ல வேண்டும். முதல் இரண்டு மூன்று ரேஸுக்குப் பணம் கட்டாமல் சும்மா பாருங்கள், கடைசி வளைவு திரும்பி நேர்பாதைக்கு வரும்போது வேலியோரக் குதிரைகள் முன்னேறுகின்றனவா, வெளிப்பக்கம் வருகின்றவையா என்று. சில நாள் வேலியோரம் தண்ணீர் நின்று இழுக்கும், ஜாக்கிகள் ஒருவர் பின் ஒருவராக வெளியே நகர்ந்து ஓட்டுவார்கள். சில நாள் அங்கேதான் தரை கெட்டியாக இருக்கும். 2009-ல் மைன் தட் பேர்டை ஓட்டிய கால்வின் போரெல் வேலிக்கும் மற்றக் குதிரைகளுக்கும் நடுவே இருந்த சின்ன இடுக்கில் புகுந்து வந்தார், அடுத்த வருஷம் சூப்பர் சேவரையும் அதே வேலியோரத்தில் ஓட்டி மறுபடியும் டெர்பி ஜெயித்தார். அந்த ஊர் தரையை அத்தனை தெரிந்து வைத்திருந்த மனிதர். இதெல்லாம் பார்த்துத்தான் பழக வேண்டும், வேறு குறுக்கு வழி கிடையாது.

ரேஸ் புக்கில் ஒவ்வொரு குதிரைக்கும் மேலே வலது பக்கம் வெட் என்று ஒரு வரி இருக்கும். ஈரத் தரையில் எத்தனை தடவை ஓடியது, அதில் முதல், இரண்டாவது, மூன்றாவது எத்தனை என்ற கணக்கு அது. நான்கு ஐந்து ஓட்டமாவது இருந்தால்தான் அதற்கு மதிப்பு, ஒரு தடவை ஓடித் தோற்றதை வைத்து ஒரு குதிரைக்குச் சேறு ஆகாது என்று முத்திரை குத்த வேண்டாம். ஈரத்தில் ஓடியே பார்க்காத இளம் குதிரை என்றால் தகப்பன் யார், தாய்வழி யார் என்று பார்ப்பார்கள், சில வம்சங்கள் ஈரத்தில் தொடர்ந்து நன்றாக ஓடுகின்றன.

இன்னொரு விஷயம், இது தெரியாமல்தான் நிறைய பேர் குழம்புகிறார்கள். பலத்த மழை பெய்தால் புல் தடத்தில் நடக்க வேண்டிய ரேஸை மண் தடத்துக்கு மாற்றிவிடுவார்கள். மாற்றினதுமே புல்லில் மட்டும் ஓடிப் பழகிய குதிரைகளை டிரெய்னர்கள் விலக்கிக்கொள்வார்கள், பன்னிரண்டு இருந்த இடத்தில் ஐந்தாறுதான் மிஞ்சும். அதே ரேஸில் மண் தடம் மட்டும் என்று குறிப்போடு சில குதிரைகள் முன்கூட்டியே பதிவாகியிருக்கும், இப்படி மாறும் என்று எதிர்பார்த்தே பெயர் கொடுத்தவை. அவற்றை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள். விலகின குதிரை மேல் நீங்கள் வின், அதாவது அது முதலில் வரும் என்று, கட்டியிருந்தால் பணம் திரும்பி வரும், டிக்கெட்டைக் கவுன்டரில் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ரேஸுக்கு முன்னால் பேடாக்குக்கு, அதாவது குதிரைகளுக்குச் சேணம் பூட்டி நடத்திக் காட்டுகிற இடத்துக்கு, போகாமல் இருக்காதீர்கள். சர்ச்சில் டவுன்ஸில் பேடாக்கைப் புதுப்பித்து 2024-ல் திறந்தார்கள், நன்றாகப் பார்க்கலாம். மழையில் எல்லாக் குதிரையும் நனைந்து கறுத்துத்தான் இருக்கும், வேர்த்திருக்கிறதா இல்லையா என்று தோலைப் பார்த்துச் சொல்ல முடியாது. பின்னங்கால்களுக்கு நடுவில் பாருங்கள், பதற்றமான குதிரைக்கு அந்த இடத்தில் சோப்பு நுரை மாதிரி வெள்ளையாக நுரை கட்டியிருக்கும், மழை அதை அவ்வளவு சீக்கிரம் கழுவாது. காதுகளைப் பாருங்கள். முன்னால் நிமிர்ந்து ஆடிக்கொண்டிருந்தால் நல்லது, பின்னால் மடித்து வாலைச் சுழற்றிக்கொண்டே நடந்தால் அதற்கு அந்த நாள் பிடிக்கவில்லை. தடத்துக்குப் போகும்போது குட்டைத் தண்ணீரில் தயங்காமல் கால் வைக்கிறதா, தாண்டப் பார்க்கிறதா என்றும் கவனியுங்கள். லாடத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், முன்பு சேற்று நாளில் பிடிப்புக்காக லாடத்தின் முனையில் பற்கள் வைப்பார்கள், 2022-ல் வந்த பாதுகாப்பு விதி முன்னங்கால்களில் அதைத் தடை செய்துவிட்டது.

உடுப்பு விஷயம் சுருக்கமாக. டெர்பி நாளில் குடை கொண்டுபோக அனுமதி இல்லை, தலையோடு மூடுகிற மழைக்கோட்டு கண்டிப்பாக வேண்டும். ரப்பர் பூட்ஸ், இன்னொரு ஜோடி காலுறை, ரேஸ் புக்குக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. ஈரக் காகிதத்தில் பேனா எழுதாது, பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். தடத்துக்கு நடுவில் இருக்கிற மைதானம்தான் விலை குறைவு, ஆனால் மழையில் அது முழுக்கச் சகதி, வழுக்கி விழுவது நிச்சயம், வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு அங்கே போகாதீர்கள், கூரை உள்ள இடமாகப் பாருங்கள்.

ஆனால் ஒரு ரேஸையாவது மழையில் வேலியோரம் நின்று பார்த்துவிட வேண்டும். டெர்பி தூரம் ஒன்றேகால் மைல், தடமோ ஒரு மைல், அதனால் குதிரைகள் உங்களை இரண்டு தடவை கடந்து போகும். முதல் தடவை போகும்போது ஜாக்கிகளின் சட்டை சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பளிச்சென்று இருக்கும். இரண்டு நிமிஷத்துக்குள் திரும்பி வரும்போது பின்வரிசையில் ஓடியவர்கள் எல்லோரும் ஒரே பழுப்பு, முகம் எது, தொப்பி எது என்று தெரியாது. ஒவ்வொரு ஜாக்கியும் ஒன்றின் மேல் ஒன்றாக நாலைந்து கண்ணாடி மாட்டியிருப்பார், சேறு மூடினதும் மேலே இருப்பதைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு அடுத்ததில் பார்த்து ஓட்டுவார், ஒரு கையால், அந்த வேகத்தில். திரும்பி வந்து இறங்கும்போது கழுத்தில் எத்தனை கண்ணாடி தொங்குகிறது என்று பாருங்கள், அவர் எத்தனை சேறு வாங்கினார் என்பது அதிலேயே தெரிந்துவிடும். சட்டை நிறத்தை நம்பி ஓட்டத்தைத் தொடர முடியாது, சேணத்துக்கு அடியில் உள்ள எண் துணியை மனதில் வையுங்கள். சாதாரண நாட்களில் 1 சிவப்பு, 2 வெள்ளை, 3 நீலம், 4 மஞ்சள், 5 பச்சை, அமெரிக்கா முழுக்க இதே வரிசைதான். ஆனால் அதுவும் கடைசியில் மறைந்துபோகலாம், ஆகவே உங்கள் குதிரைக்கு முகத்தில் வெள்ளைக் கோடு இருக்கிறதா, கண்மறைப்பு போட்டிருக்கிறதா என்று பேடாக்கிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டுவதாக இருந்தால் அன்றைக்கு எவ்வளவு என்று வீட்டிலேயே முடிவு பண்ணி அதை மட்டும் எடுத்துப் போங்கள், வின், பிளேஸ், ஷோ இரண்டு டாலரிலிருந்து ஆரம்பிக்கலாம். அங்கே பிளேஸ் என்றால் முதல் இரண்டுக்குள், ஷோ என்றால் முதல் மூன்றுக்குள். சேற்று நாளில் ஐந்தாறு ரேஸைச் சேர்த்துக் கட்டுகிற பெரிய பெட்டுகளை விட்டுவிடுவது நல்லது, நடுவில் தரை மாறும், புல் ரேஸ் மண்ணுக்கு வரும், குதிரை விலகும், உங்கள் கணக்கு எதுவும் நிற்காது. டிக்கெட்டை மட்டும் முடிவு அதிகாரபூர்வமாகும் வரை கிழித்துப் போடாதீர்கள். 2019 டெர்பியில் மேக்சிமம் செக்யூரிட்டி முதலில் வந்தது, ஆனால் வளைவில் வெளியே விலகி மற்றக் குதிரைகளை மறித்தது என்று ஆட்சேபம் வந்து, ஸ்டூவர்டுகள் என்கிற ரேஸ் நடுவர்கள் 22 நிமிஷம் வீடியோ பார்த்து அதைத் தகுதி நீக்கம் செய்தார்கள். அறுபத்தைந்துக்கு ஒன்று விலையில் இருந்த கன்ட்ரி ஹவுஸ் ஜெயித்ததாக அறிவிக்கப்பட்டது, இரண்டு டாலருக்கு 132.40 டாலர்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 2007-ல் நியூ ஜெர்சியின் மான்மவுத் பார்க்கில் பிரீடர்ஸ் கப் என்ற பெரிய ரேஸ் தொடர் நடந்தபோது தடம் முழுக்கத் தண்ணீர், அதன் முக்கிய ரேஸான கிளாசிக்கைக் கர்லின் என்ற குதிரை ஜெயித்தது, அதே ரேஸில் ஜார்ஜ் வாஷிங்டன் என்ற அருமையான குதிரை கால் முறிந்து, அங்கேயே கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. எந்தத் தரையிலும் இது நடக்கலாம். ஓட்டத்துக்கு நடுவில் ஒரு ஜாக்கி குதிரையை இழுத்து நிறுத்தினால் திட்டாதீர்கள், உங்கள் பணம் அதன் மேல் இருந்தாலும் சரி. அவர் சரியானதைச் செய்கிறார். ஒரு டிரெய்னர் இந்தத் தரை என் குதிரைக்கு வேண்டாம் என்று கடைசி நேரத்தில் விலக்கினாலும் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்ததும் அன்றைய ரேஸ்களின் வீடியோவை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். நேரில் மழையில் பார்த்ததைவிட நிறையத் தெரியும். கதவு திறந்ததும் வழுக்கித் தடுமாறினது எது, முகத்தில் சேறு பட்டதும் தலையைத் தூக்கிக்கொண்டு ஓட மறுத்தது எது, அன்றைக்கு மோசமாக இருந்த பட்டையிலேயே மாட்டிக்கொண்டது எது என்று பெயர் எழுதி வையுங்கள். அடுத்த மாதம் அந்தக் குதிரை காய்ந்த தரையில் ஓட வரும்போது புத்தகத்தில் ஒன்பதாவது இடம் என்று மட்டும்தான் இருக்கும், பார்க்கிறவர்கள் ஒதுக்கிவிடுவார்கள், விலையும் ஏறியிருக்கும். ஏன் ஒன்பதாவது வந்தது என்பது உங்கள் நோட்டில் இருக்கும்.