வழி சொல்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இங்கிருந்து பத்து நிமிஷம்தான், நடந்தே போயிடலாம்." பஸ்ஸுக்கோ நடைபாதைக்கோ வழி கேட்பவரிடம் நாம் முதலில் செய்யும் தவறு இதுதான். நம் கால்களுக்குப் பத்து நிமிடமாக இருப்பது, முழங்கால் வலி உள்ளவருக்கும் கைக்குழந்தையோடு போகிறவருக்கும் அப்படி இருக்காது. யார் போகிறார்கள், எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்று கேட்டுவிட்டு வழி சொல்லுங்கள்.

மலைப்பாதையில் இந்தத் தவறு ஆபத்தாகவே முடியலாம். பலரும் தூரத்தைச் சொல்வார்கள், ஏற்றத்தைச் சொல்ல மாட்டார்கள். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் தந்த கணக்கு இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அப்படியானால் 600 மீட்டர் ஏற்றமுள்ள 10 கிலோமீட்டர் பாதைக்கு மூன்று மணி நேரம். அதுவும் நல்ல உடல்வலு உள்ளவர் நிற்காமல் நடந்தால்தான். ஓய்வு, சாப்பாடு, வழுக்கும் பாறை எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. புதியவர்களுக்கு நான் ஒன்றரை மடங்காவது கூட்டித்தான் சொல்வேன்.

போகும் வழியை மட்டும் சொல்லி அனுப்புவது அடுத்த தவறு. என் பார்வையில் ஆட்களை அதிகம் தவிக்கவிடுவது இதுதான். இறங்கிய இடத்திலேயே திரும்பும் பஸ்ஸும் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஒருவழிச் சாலை என்றால் நிறுத்தம் அடுத்த தெருவில்கூட இருக்கலாம். விடுமுறை நாளில் நேர அட்டவணையே வேறாக இருக்கும். அதனால் கடைசி பஸ்ஸிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். கடைசி பஸ் மாலை 6 மணிக்கு, மேலே இருந்து இறங்கி வர இரண்டு மணி நேரம் என்றால், அரை மணி நேரம் கைவசம் வைத்து, 3:30-க்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். அந்த நேரத்தை எழுதியே கொடுத்துவிடலாம்.

"சக்கர நாற்காலி போகும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். நம் கண்ணில் படாத ஒரே ஒரு படி போதும், அவர் பாதி வழியிலேயே திரும்ப வேண்டியிருக்கும். சாய்தளத்தில் 1 மீட்டர் உயர 12 மீட்டர் நீளமாவது வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. தரை மண்ணா சிமெண்டா, படி உண்டா, கழிப்பறை எங்கே என்ற விவரங்களைக் கொடுங்கள். போகலாமா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

அப்புறம், செல்போன். செயலி காட்டும் பஸ் நேரம் சில சமயம் அட்டவணையில் உள்ள நேரம்தான். வண்டி உண்மையில் எங்கே வருகிறது என்ற தகவலாக இருக்காது. ஜிபிஎஸ்ஸுக்கு சிக்னல் டவர் தேவையில்லை, ஆனால் வரைபடத்தை முன்பே இறக்கி வைக்காவிட்டால் வெறும் திரையில் ஒரு புள்ளிதான் தெரியும். சிக்னல் தேடித்தேடி பேட்டரியும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

வரைபடத்தில் கோடு இருப்பதாலேயே பாதை திறந்திருக்கிறது என்று நம்பி யாரையும் அனுப்பாதீர்கள். மழையில் பாதை அரித்துப் போயிருக்கலாம், அனுமதி மாறியிருக்கலாம். அண்மையில் நடந்து வந்தவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். 2004-ல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் திருத்தம் செய்யலாம். மூடிய பாதையை நேரில் பார்த்தால் அதில் குறித்துவிடுங்கள்.