கொழும்பிலிருந்து சிகிரியா: ஒரே நாளில் போய்வர

வெள்ளவத்தையிலிருந்து சிகிரியாப் பாறைக் கோட்டைக்கு ஏறத்தாழ 170 கிலோமீற்றர், நாலு மணித்தியால ஓட்டம். வான் அதிகாலை 3.30க்கு வெளிக்கிட வேண்டும். வழியில் ஒரு தேத்தண்ணி குடித்தாலும் 8 மணிக்குள் வாசலில் நிற்கலாம். 5 மணிக்கு வெளிக்கிட்டால் யக்கல, நிட்டம்புவ என்று சந்திக்குச் சந்தி பாடசாலை வான்களோடு நின்று நின்று, உச்சி வெயிலில்தான் பாறை ஏறுவீர்கள். கண்டி வீதியில் பஸ்யாலை வரை போய் இடப்பக்கம் மீரிகமவுக்குத் திரும்புங்கள். அங்கிருந்து குருநாகல் வரை 2022இல் திறந்த அதிவேகப் பாதை இருக்கிறது. பிறகு தம்புள்ளை வீதி. தம்புள்ளை தாண்டி இனாமலுவச் சந்தியில் வலப்பக்கம் திரும்பினால் இன்னும் 10 கிலோமீற்றர்தான். பஸ்ஸில் தம்புள்ளை போய் மாறலாம், ஆனால் பிள்ளைகளோடு ஒரே நாளில் அது சரிவராது.

பெரியவர்கள் எல்லோரும் தேசிய அடையாள அட்டையைக் கொண்டுபோக வேண்டும். உள்ளூர்க் கட்டணம் சொற்பம். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்த மாமி, சித்தப்பாமாருக்கு வெளிநாட்டுக் கட்டணம்தான், அது ஆளுக்கு 30 டொலருக்குக் குறையாது. கவுண்டருக்கு முன்னால் நின்று இதைக் கணக்குப் பார்க்க வேண்டி வந்தால் முகம் சுருங்கும், வீட்டிலேயே பேசி வையுங்கள்.

சாப்பாட்டில்தான் பலர் பிழை விடுகிறார்கள். விடியப்புறம் வடித்த சோற்றைச் சூட்டோடு பார்சல் கட்டினால் ஆவி உள்ளேயே நின்று வேர்த்து, பகல் 12 மணிக்குள் புளித்த மணம் வரும். பச்சைத் தேங்காய்ச் சம்பல் அதற்கும் முந்திக் கெடும். புளிச்சாதம் நல்லது: தட்டில் பரப்பி நன்றாக ஆறவிட்டு, நெருப்பில் வாட்டிய வாழையிலையில் கட்டுங்கள். பாண் என்றால் வதக்கிய சீனிச்சம்பல். தண்ணீர் ஆளுக்கு ஒரு லீற்றர், பாறைக்கு மேலே கடை இல்லை. ரொயிலட்டும் இல்லை, கீழேயே போய்விட்டு வரவேண்டும். சாப்பாட்டுப் பையை வானிலேயே விடுங்கள். பொலித்தீன் சரசரக்கும் சத்தம் குரங்குக்கு நன்றாகத் தெரியும்.

இனி முக்கியமான விஷயம். காசியப்பன் என்ற மன்னன் (ஆட்சி கி.பி. 477–495) உச்சியில் ஓர் அரண்மனையும், பாறையின் காலடியில் ஒரு பெருந்தோட்டமும் அமைத்தான். வருகிற குடும்பங்களில் பாதி, "தோட்டத்தை வரும்போது பார்ப்போம்" என்று பாறைக்கு ஓடுகிறது. இறங்கும் பாதையோ பிரிந்து வேறு பக்கமாக வாகனத் தரிப்பிடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. களைத்த கால்களோடு திரும்பி நடக்க யாருக்கும் மனம் வராது. ஆகவே போகும்போதே தோட்டத்துக்கு 40 நிமிடம் ஒதுக்குங்கள். இந்த ஒன்றுக்காகவே விடிய முதல் எழும்பலாம்.

அகழி தாண்டியதும் நேர்கோட்டில் ஒரு பாதை. நீங்கள் இடப்பக்கம் பார்ப்பது வலப்பக்கமும் அப்படியே இருக்கும். கொஞ்ச தூரத்தில் நீரூற்றுப் பகுதி வரும். அங்கே குனிந்து பாருங்கள்: தட்டையான சுண்ணக்கல் வட்டம், அதில் ஒழுங்காகத் துளைத்த சிறு ஓட்டைகள். மோட்டர் ஒன்றும் இல்லை. உயரத்தில் தேங்கும் நீர் நிலத்தடிக் கால்வாயால் இறங்கி, அந்த அழுத்தத்தால் ஓட்டை வழியே மேலெழும்புகிறது. நல்ல மழைக்காலத்தில் இன்றைக்கும் தண்ணீர் கொப்பளிக்கும். அதன் பின் வரும் பெரும் பாறைகளில் படி மாதிரி வெட்டுகள் தெரியும். ஏறுவதற்கு வெட்டியவை அல்ல, செங்கல் சுவரின் அடி வழுக்காமல் உட்காருவதற்காக வெட்டியவை. பாறைக்குப் பாறை அவற்றைப் பிள்ளைகளைத் தேடவிடுங்கள், நடை களைப்புத் தெரியாது.

முழங்கால் வருத்தம், இருதய வருத்தம் உள்ளவர்கள் இவ்வளவோடு நின்று அருங்காட்சியகத்தைப் பார்ப்பது நல்லது. அம்மம்மாவை "கொஞ்சம்தானே" என்று ஏற்றாதீர்கள். மொத்தம் சுமார் 1200 படி, ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் பிடிக்கும். பிரிவதற்கு முன், வான் எந்த வாகனத் தரிப்பிடத்தில் நிற்கும் என்று சாரதியோடு பேசி முடிவெடுங்கள்.

ஏற்றத்தின் முதற்பகுதி மேற்குப் பக்கம், காலையில் நிழல். பின்னேரம் அதே பக்கம் வெயில் நெருப்பாய் அடிக்கும். சுழல்படியில் ஏறிப் பார்க்கும் சுவரோவியங்களைப் படம் எடுக்கத் தடை. அடுத்து கண்ணாடிச் சுவர், கண்ணாடிபோல் மினுங்க மெருகேற்றிய பழைய சுவர். ஆயிரம் வருடத்துக்கு முன் வந்தவர்கள் அதில் கவிதை கீறிவிட்டுப் போனார்கள், தொல்லியலாளர் பரணவிதான 685 கவிதைகளை வாசித்துப் பதிப்பித்தார். இப்போது ஒரு கீறல் போட்டாலும் சிறை. 2015இல் இளம்பெண் ஒருவருக்கு 2 வருடத் தண்டனை விதித்து, பிறகு ஜனாதிபதி மன்னிப்பில்தான் விட்டார்கள். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பழைய சிங்கச் சிலையில் எஞ்சிய பெரிய பாதங்களுக்கு நடுவிலிருந்து இரும்புப் படி தொடங்கும். ஒடுக்கம், காற்று பலம். இரப்பர் செருப்பு வழுக்கும், பிடிப்புள்ள சப்பாத்து வேண்டும். கைக்குழந்தையை இடுப்பில் வைத்து ஏறாதீர்கள், கைப்பிடியைப் பிடிக்க இரண்டு கையும் தேவை. நெஞ்சோடு கட்டும் பை இருந்தால் மட்டும் ஏறலாம்.

இங்கே பாறையில் பெருந்தேனீக் கூடுகள் தொங்குகின்றன. சத்தம் போடாதீர்கள் என்ற பலகைகள் வெறும் ஒழுங்குக்காக வைத்தவை அல்ல, கத்தினால் கூடு கலையும். கடும் வாசனைத் திரவியமும் பூசாதீர்கள். கலைந்தால் படியில் ஓடக் கூடாது, தேனீ கொட்டுவதைவிட விழுவது ஆபத்து. தலையையும் முகத்தையும் துணியால் மூடி, ஊழியர்கள் காட்டும் வலைக்கூட்டுக்குள் போங்கள்.

உச்சியில் நிழல் இல்லை என்றே சொல்லலாம். அத்திவாரங்களையும் பாறையில் வெட்டிய குளத்தையும் அரை மணித்தியாலம் பார்த்துவிட்டு இறங்குங்கள். அன்றைக்கே தம்புள்ளைக் குகைக் கோயிலையும் சேர்க்க வேண்டாம். 2 மணிக்கு வான் திரும்பினால் 7 மணிக்குள் வீடு.