கிருபையில் நுழைந்துவிடும் ‘அதனால்’

“உண்மையாக ஊழியம் செய்தேன், அதனால் கர்த்தர் கிருபை பாராட்டினார்” என்று சாட்சி சொல்கிறோம். கிருபை என்பது தகுதி பாராமல் தேவன் காட்டும் தயவு. அந்த ‘அதனால்’ நுழைந்த இடத்தில் அது கூலியாகிவிடுகிறது. வேலை செய்தவனுக்குத் தருவது கூலி. அது முதலாளி பட்ட கடன், கிருபை அல்ல என்று ரோமர் 4:4-இல் பவுல் கணக்கைத் தெளிவாகவே பிரித்து வைக்கிறார்.

இந்தத் தவறு பெரும்பாலும் பக்திமான்களைத்தான் பிடிக்கும். இயேசு சொன்ன திராட்சத்தோட்ட உவமையில் நாள் முழுதும் உழைத்தவனுக்கும் கடைசி ஒரு மணி நேரம் மட்டும் உழைத்தவனுக்கும் அதே ஒரு பணம்தான் கூலி. முறுமுறுத்தவர்கள் காலையிலிருந்து வெயிலில் வாடியவர்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது என்று எனக்கும் தோன்றியதுண்டு. உவமை குத்துவதே அங்கேதான். இதில் நுட்பமான வகை ஒன்றும் உண்டு: “நான் விசுவாசித்தேனே!” என்று விசுவாசத்தையே ஒரு சாதனையாகக் காட்டுவது. எபேசியர் 2:8 அந்தக் கதவையும் மூடுகிறது: “இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு.” தேவனுடைய உதவியின்றி மனிதன் தன் மனவுறுதியாலேயே நல்வழியில் நடக்க முடியும் என்ற பெலாஜியஸ் என்னும் பழங்காலப் போதகரின் போதனையை 418-இல் கார்த்தேஜ் நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் கண்டித்தது. கண்டனம் பழையது, நினைப்பு பழையதாகவில்லை.

எதிர்ப்பக்கம் சறுக்குபவர்களும் உண்டு. எப்படியும் மன்னிப்பு உண்டே, பிறகென்ன? இந்தக் கேள்வியைப் பவுலே எழுப்பி, “கூடாதே” என்று ஒரே சொல்லில் முடிக்கிறார் (ரோமர் 6:1-2). மனந்திரும்புதல் இல்லாத மன்னிப்பை ‘மலிவான கிருபை’ என்றார் ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர், 1937-இல். ஹிட்லரை எதிர்த்ததற்காக 1945-இல் தூக்கிலிடப்பட்டவர் அவர். தீத்து 2:11-12-இல் கிருபை மன்னிப்பதோடு நிற்பதில்லை. அவபக்தியை விட்டு வாழவும் போதிக்கிறது.

வேலை, வீடு, சுகம் கிடைத்தால் மட்டும் ‘கிருபை’ என்பது இன்னொரு பழக்கம். “என் கிருபை உனக்குப்போதும்” என்ற வாக்கோ, தன்னை வருத்திய ‘முள்’ நீங்கவேண்டும் என்று மூன்று தரம் வேண்டிய பவுலுக்கு வந்த பதில். முள் எடுக்கப்படவில்லை.

பழைய ஏற்பாடு நியாயப்பிரமாணம் (கட்டளைச் சட்டம்), புதிய ஏற்பாடு கிருபை என்று இரண்டாக வெட்டுவதும் சரியில்லை. ஆதியாகமம் 6-லேயே நோவாவுக்குக் கிருபை கிடைக்கிறது. யாத்திராகமம் 20-ஐத் திறந்து பாருங்கள். முதல் கட்டளைக்கு முந்தின வசனம், எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து ஏற்கனவே மீட்டுவிட்டேன் என்கிறது. கட்டளைகள் வருவது அதற்குப் பிறகு.